வில்லன் இல்லை, சண்டை இல்லை... 'டோட்டோரோ' குழந்தைகளைச் சிரிக்கவும் பெற்றோரைக் கண்கலங்கவும் வைப்பது எப்படி?

2025 மார்ச் மாதக் கடைசியில் சமூக வலைதளங்களைத் திறந்தவர்களுக்கு நினைவிருக்கும். கல்யாண போட்டோ, குடும்ப போட்டோ, அரசியல் தலைவர்களின் போட்டோ என எல்லாமே ஏஐ உதவியால் ஒரே மாதிரி கார்ட்டூன் படங்களாக மாறிக்கொண்டிருந்தன. 'ஜிப்லி ட்ரெண்ட்' என்று அதற்குப் பெயர். சில வாரங்களில் ட்ரெண்ட் அடங்கிவிட்டது. ஜிப்லி என்ற பெயர் மட்டும் பலருக்கு மனதில் நின்றுவிட்டது.

ஜிப்லி என்பது ஏதோ ஒரு போட்டோ ஃபில்டர் அல்ல. அது ஜப்பானில் உள்ள ஒரு அனிமேஷன் ஸ்டுடியோ. அதன் லோகோவைப் பார்த்தால், காதுகள் விறைத்து நிற்க, குண்டான ஒரு உருவம் பக்கவாட்டில் தெரியும். அதுதான் டோட்டோரோ. 1988 ஏப்ரல் 16ஆம் தேதி ஜப்பானில் வெளியான 'மை நெய்பர் டோட்டோரோ' படத்தின் நாயகன். எழுதி இயக்கியவர் ஹயாவோ மியாசாகி.

படம் வந்து 35 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் நான்கு வயதுப் பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அம்மாவோ அப்பாவோ ஒரு கட்டத்தில் அமைதியாகிவிடுகிறார்கள். ஒரே படம்தான். ஆனால் இரண்டு பேரும் பார்ப்பது ஒரே கதையா?

கதை என்ன?

1950களின் ஜப்பான். பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் அப்பா, இரண்டு மகள்களைக் கூட்டிக்கொண்டு டோக்கியோவுக்கு வெளியே ஒரு கிராமத்துப் பழைய வீட்டுக்குக் குடிவருகிறார். மூத்தவள் சட்சுகி, பள்ளிக்கூடம் போகிறவள். இளையவள் மெய், நான்கு வயது. (ஜப்பானியப் பெயர்தான். தமிழில் எழுதினால் 'மெய்' என்றே அமைந்துவிடுகிறது.) அம்மா கூட இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் நீண்ட நாளாகச் சிகிச்சையில் இருக்கிறார்.

புது வீட்டை ஒட்டி வானத்தைத் தொடும் உயரத்தில் ஒரு கற்பூர மரம். ஒருநாள் தோட்டத்தில் விளையாடும் மெய், பாதி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடும் ஒரு குட்டி ஜந்துவைத் துரத்திக்கொண்டு போய், மரத்தின் பொந்துக்குள் உருண்டு விழுகிறாள். விழுந்த இடம் மெத்தென்று இருக்கிறது. அது டோட்டோரோவின் வயிறு.

இதன்பிறகு பெரிய திருப்பங்கள் கிடையாது. மழை பெய்கிறது. விதை முளைக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தந்தி வருகிறது. ஒரு குழந்தை காணாமல் போகிறது. மொத்தம் 86 நிமிடம், அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கு ஏன் பிடிக்கிறது?

வழக்கமான சிறுவர் படங்களில் ஒரு கெட்டவன் இருப்பான். அவனைத் தோற்கடித்தால் படம் முடியும். டோட்டோரோவில் அப்படி யாருமே இல்லை. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்தப் படத்தைத் தன் 'மகத்தான திரைப்படங்கள்' வரிசையில் சேர்த்தபோது சுட்டிக்காட்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

வில்லன் இல்லையென்றால் குழந்தைகளுக்கு போரடிக்காதா? அடிப்பதில்லை. காரணம் மெய். உண்மையான நான்கு வயதுப் பிள்ளை எப்படி நடக்குமோ, அப்படியே நடக்கிறாள். கீழே கிடக்கும் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே போவாள். அக்கா சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்வாள். அப்பா மேசையில் எழுதிக்கொண்டிருக்க, பூக்களைப் பறித்து வந்து வரிசையாக அடுக்கி, அவரைப் பூக்கடைக்காரர் ஆக்கிவிடுவாள். தூங்குகிற டோட்டோரோவின் மூக்கைத் தொட்டுப் பார்க்கிறாள், தும்மல் வாங்குகிறாள், கடைசியில் அதன் வயிற்றின் மேலேயே தூங்கிப் போகிறாள். இவ்வளவு பெரிய ஜந்துவைக் கண்டு பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பெயர்கூட அவள் வைத்ததுதான். புத்தகத்தில் பார்த்த 'ட்ரோல்' என்ற பூதத்தின் ஜப்பானிய உச்சரிப்பு அவள் மழலையில் 'டோட்டோரோ' ஆகிவிடுகிறது.

இன்னொரு முக்கியமான விஷயம், அப்பா அவளை நம்புகிறார். பொந்தைத் திரும்பக் காட்டப் போனால் வழியே இல்லை. அக்கா சிரிக்கிறாள். மெய்க்கு அழுகை வந்துவிடுகிறது, 'பொய் இல்லை' என்கிறாள். இந்த இடத்தில் எத்தனை பெரியவர்கள் 'சரி சரி, கனவு கண்டிருப்ப' என்று சொல்லியிருப்பார்கள்? இந்த அப்பா அப்படிச் சொல்லவில்லை. நீ பார்த்தது காட்டின் காவலனாக இருக்கும், எப்போதும் பார்க்க முடியாது என்று சொல்லி, இரண்டு மகள்களையும் அந்த மரத்தின் முன் நிறுத்திக் கும்பிட வைக்கிறார். படம் பார்க்கும் குழந்தைக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம் அந்த பஸ் ஸ்டாப் காட்சி. மழை. குடை மறந்துபோன அப்பாவுக்காகக் குடையோடு இரண்டு பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். பஸ் வருகிறது, அப்பா வரவில்லை. இருட்டுகிறது. தூங்கிவிட்ட தங்கையை முதுகில் சுமந்தபடி சட்சுகி நிற்கிறாள். குடைக்குக் கீழே இரண்டு பெரிய நகக்கால்கள் தெரிகின்றன. தலையில் ஒற்றை இலையை வைத்துக்கொண்டு டோட்டோரோவும் பஸ்ஸுக்கு நிற்கிறது! சட்சுகி அப்பாவின் குடையை அதற்குக் கொடுக்கிறாள். குடை மேல் சொட்டு விழும் சத்தம் அதற்கு அவ்வளவு பிடித்துப்போகிறது. ஓங்கி ஒரு குதி குதித்து, மரங்களில் தேங்கிய தண்ணீரை எல்லாம் மொத்தமாகக் கொட்ட வைக்கிறது.

சில நிமிடங்கள் ஓடும் இந்தக் காட்சியில் பேச்சு மிகக் குறைவு. 2002இல் ஈபர்ட் எடுத்த பேட்டியில் மியாசாகி இதுபோன்ற இடைவெளியைப் பற்றிப் பேசியிருக்கிறார். சிலமுறை கைதட்டிக் காட்டி, இரண்டு தட்டலுக்கு நடுவில் இருக்கும் நேரத்துக்கு ஜப்பானியத்தில் 'மா' என்று பெயர் என்றார். விடாமல் ஏதாவது நடந்துகொண்டே இருந்தால் அது வெறும் பரபரப்பு என்பது அவர் கருத்து. ரீல்ஸ் தள்ளிப் பழகிய நமக்குத்தான் இது கொஞ்சம் சோதனை. குழந்தைகள் சொட்டுச் சொட்டாக விழும் மழையைக் கண் எடுக்காமல் பார்க்கிறார்கள்.

பெரியவர்கள் பார்ப்பது வேறு படம்

இப்போது அதே கதையைப் பெற்றோர் பக்கத்திலிருந்து பாருங்க.

அம்மாவுக்கு என்ன நோய்? படத்தில் எங்குமே பெயர் சொல்லப்படுவதில்லை. காலத்தை வைத்தும், மாதக்கணக்கில் நீளும் சிகிச்சையை வைத்தும் காசநோய் என்றுதான் பலரும் புரிந்துகொள்கிறார்கள். 1950 வரை ஜப்பானில் அதிகம் பேரைக் கொன்ற நோய் அதுதான். குழந்தைக்கு 'அம்மா ஆஸ்பத்திரியில் இருக்காங்க' என்பது ஒரு தகவல். பெரியவருக்கு அது படம் முழுக்கக் கூடவே வரும் பயம்.

அந்தப் பயத்தை வீட்டில் யாரும் பேசுவதில்லை. அப்பா நல்ல மனிதர். ஆனால் தடுமாறுகிறவர். ஒருநாள் தூங்கிப் போய், மதிய சாப்பாடு கட்ட மறந்துவிடுகிறார். அதற்குள் சட்சுகி எழுந்து மூன்று பேருக்கும் சாப்பாடு தயார் செய்துகொண்டிருக்கிறாள். குறை சொல்லவில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. தங்கைக்குத் தலை வாரிவிடுவதும், எங்கே போனாலும் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் அவள்தான். 'மூத்தது ரொம்பப் பொறுப்பு' என்று ஊரே மெச்சும் பிள்ளை.

வீட்டில் மூத்தவராகப் பிறந்தவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால், டோட்டோரோவை விட சட்சுகியைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்று வரும். மூன்று பேரும் ஒரே சைக்கிளில் அம்மாவைப் பார்க்கப் போகிறார்கள். அம்மா சட்சுகியின் தலையை வாரிவிடுகிறார். சின்ன வயதில் என் முடியும் இப்படித்தான் இருந்தது என்கிறார். வளர்ந்தால் உங்க முடி மாதிரி ஆகுமா என்று கேட்கிறாள் மகள். எல்லோருக்கும் வாரிவிடும் பிள்ளைக்கு, வாரிவிட ஒரு கை கிடைக்கும் இடம் படம் முழுக்க இது ஒன்றுதான்.

பிறகு அந்தத் தந்தி வருகிறது. ஆஸ்பத்திரியைத் தொடர்புகொள்ளவும் என்று. வீட்டில் போன் கிடையாது. அப்பாவும் ஊரில் இல்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்கு ஓடி, அப்பாவின் பல்கலைக்கழகத்துக்கு ட்ரங்க் கால் போடுகிறாள் சட்சுகி. அம்மாவுக்குச் சளி, இந்த வாரம் வீட்டுக்கு வர முடியாது, வேறொன்றும் இல்லை என்று பதில். மெய் அடம்பிடிக்கிறாள். முதல்முறையாக சட்சுகி கத்துகிறாள். அம்மா செத்துப்போனாலும் பரவாயில்லையா என்ற வார்த்தை அவள் வாயில் வந்துவிடுகிறது.

கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்து வீட்டுப் பாட்டி துணி மடித்துக்கொடுத்தபடி ஆறுதல் சொல்லும்போது சட்சுகி உடைகிறாள். போன முறையும் இப்படித்தான் சொன்னார்கள், சில நாளில் வந்துவிடுவார் என்றார்கள், சும்மா சளி மாதிரி என்றார்கள் என்று சொல்லி வாய்விட்டு அழுகிறாள். அதாவது, அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரிந்திருக்கிறது. பெரியவர்கள் மறைத்துவிட்டோம் என்று நினைத்த அத்தனையையும் அவள் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

பெற்றோரைக் குத்தும் இடம் இதுதான். வீட்டில் ஒரு பிரச்சனை என்றால் 'பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம்' என்று தாழ்ந்த குரலில் பேசிய எல்லோருக்கும் இந்த அழுகை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

மக்காச்சோளம்தான் மருந்து

அக்கா அழுவதை மெய் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் ஒரு மக்காச்சோளம். தன் தோட்டத்துக் காய்களைச் சாப்பிட்டால் அம்மாவுக்கு உடம்பு தேறிவிடும் என்று பாட்டி முன்பு ஒருநாள் சொல்லியிருந்தார். நான்கு வயது மூளைக்கு வேறு என்ன வேண்டும்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து என் கையில் இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுத்தால் முடிந்தது. கிளம்பிவிடுகிறாள். பெரியவர்கள் நடந்தாலே மூன்று மணி நேரம் ஆகும் தூரம்.

படத்தில் குழந்தையும் பெரியவரும் ஒரே உணர்வில் சேரும் இடம் இது. குழந்தைக்கு மெய் செய்தது சரியான காரியமாகவே படுகிறது. பெரியவருக்கு வயிறு கலங்குகிறது. ஊர் ஆட்கள் குளத்தில் கம்பு விட்டுத் துழாவுகிறார்கள். ஒரு சின்னச் செருப்பு கிடைத்திருக்கிறது. அதைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டு பாட்டி பிரார்த்தனை செய்கிறார். ஓடி வரும் சட்சுகி அதைப் பார்த்து, மெய்யுடையது இல்லை என்கிறாள். இதில் ஒரு துளி இரத்தம் கிடையாது, இசையை ஏற்றிப் பயமுறுத்துவதும் கிடையாது. ஆனாலும் பிள்ளை பெற்றவர்களுக்கு மூச்சு நிற்கிறது.

வேறு வழி தெரியாத சட்சுகி டோட்டோரோவிடம்தான் போகிறாள். அது என்ன ஏது என்று கேட்கவில்லை. பூனை வடிவ பஸ்ஸை வரவழைக்கிறது. அதன் பெயர்ப்பலகையில் போகும் ஊர் மாறி மாறி வந்து, கடைசியில் 'மெய்' என்று விழுகிறது. மெய் உட்கார்ந்திருப்பது சாலையோரத்தில் வரிசையாக நிற்கும் ஜிஸோ சிலைகளின் பக்கத்தில். ஜப்பானில் குழந்தைகளையும் வழிப்போக்கர்களையும் காக்கும் தெய்வம் ஜிஸோ. அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

அங்கிருந்து பூனை பஸ் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஆனால் பிள்ளைகள் உள்ளே போவதில்லை. ஜன்னலுக்கு வெளியே மரக்கிளையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அப்பா அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறார். அது உண்மையிலேயே சளிதான். அப்போது அம்மா ஒன்று சொல்கிறார். பிள்ளைகள் வெளியே தெரிவதைவிட ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பார்கள், அதிலும் சட்சுகி சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை என்பதால் இன்னும் பாவம், வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரையும் நன்றாக அடம்பிடிக்க விடப் போகிறேன் என்று.

மகள்களுக்கு இது கேட்டதா என்பதைப் படம் காட்டவில்லை. பார்க்கிற நமக்குக் கேட்கிறது. ஜன்னல் விளிம்பில் அந்த மக்காச்சோளம் இருக்கிறது. தோலில் 'அம்மாவுக்கு' என்று கீறி எழுதியிருக்கிறது.

இது மியாசாகி வீட்டுக் கதையா?

முழுக்க இல்லை, ஆனால் வேர் அங்கேதான். 1941இல் பிறந்த மியாசாகியின் சிறு வயதில் அவருடைய அம்மா முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். அம்மா இல்லாத வீட்டில் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது அவருக்கு வெளியிலிருந்து கற்பனை செய்ய வேண்டிய விஷயமே இல்லை.

கதையை முதலில் யோசித்தபோது ஒரே ஒரு சிறுமிதான் இருந்தாள். பிறகுதான் அவளை அக்கா, தங்கை என இரண்டாகப் பிரித்தார். அதன் தடயம் போஸ்டரில் இன்னும் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் டோட்டோரோ பக்கத்தில் நிற்கும் பெண் சட்சுகியும் இல்லை, மெய்யும் இல்லை. இருவரும் கலந்த ஒருத்தி. பெயர்களிலும் இது தெரியும். 'சட்சுகி' என்பது ஐந்தாம் மாதத்துக்கான பழைய ஜப்பானியப் பெயர். 'மெய்' என்பது ஆங்கிலத்தின் மே. தைரியமும் பொறுப்பும் ஒருத்திக்கு, பயமும் பிடிவாதமும் இன்னொருத்திக்கு என்று மேலோட்டமாகத் தெரிகிறது. ஆனால் கடைசியில் பயத்தில் அழுகிறவள் அக்கா, தைரியமாகக் கிளம்பிப் போகிறவள் தங்கை.

தியேட்டரில் ஓடியதா?

பெரிய அளவில் இல்லை. இசாவோ டகஹாட்டா இயக்கிய 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' படத்தோடு சேர்த்து, ஒரே டிக்கெட்டில் இரண்டு படமாக வெளியிட்டார்கள். அது இரண்டாம் உலகப் போரில் பசியால் சாகும் அண்ணன் தங்கையின் கதை. எந்த வரிசையில் பார்த்திருந்தாலும் குடும்பத்தோடு போனவர்களின் நிலைமை பரிதாபம்தான்.

விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஜப்பானின் மதிப்புமிக்க 'கினேமா ஜுன்போ' இதழ் அந்த ஆண்டின் சிறந்த ஜப்பானியப் படமாக இதைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் படம் வீடு வீடாகப் போனது டிவியில் ஒளிபரப்பான பிறகும், டோட்டோரோ பொம்மைகள் கடைக்கு வந்த பிறகும்தான். அகிரா குரோசவா தனக்குப் பிடித்த 100 படங்களில் இதைச் சேர்த்தார். பிக்ஸார் தன் 'டாய் ஸ்டோரி 3' படத்தில் டோட்டோரோவை ஒரு பொம்மையாக உட்காரவைத்து மரியாதை செய்தது. 2022இல் லண்டனில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி இதை மேடை நாடகமாக்கியது, அடுத்த ஆண்டு 6 ஆலிவியர் விருதுகளை வாங்கியது.

கதைக்குத் தூண்டுதலாக இருந்த சயாமா குன்றுப் பகுதியில், வீட்டு மனைகளாக மாறவிருந்த காட்டுத் துண்டுகளை மக்களிடம் நன்கொடை திரட்டி வாங்கிப் பாதுகாக்கும் இயக்கம் 1990இல் டோட்டோரோ பெயரில் தொடங்கியது. ஒரு கார்ட்டூன் உருவத்தின் பெயரால் உண்மையான மரங்கள் நிற்கின்றன.

சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?

தாராளமாக. 2020 முதல் இந்தியா உட்படப் பல நாடுகளில் ஜிப்லி படங்கள் நெட்ஃபிளிக்ஸில் வந்தன. வன்முறை இல்லை. அப்பாவும் மகள்களும் ஒன்றாகக் குளிக்கும் காட்சி ஒன்று உண்டு. அது ஜப்பானியக் குடும்பங்களில் சாதாரணம். புயல் காற்றில் வீடே ஆட, பிள்ளைகள் நடுங்க, எல்லோரும் சத்தமாகச் சிரியுங்கள் என்று அப்பா ஆரம்பித்துவைப்பது அந்தக் காட்சியில்தான்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வீட்டில் யாராவது உண்மையிலேயே ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்தில் பிள்ளையைத் தனியாகப் பார்க்க விட வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். கேள்விகள் வரும். வந்தால் நல்லதுதான்.

'டோட்டோரோ எமன்' என்கிறார்களே?

இணையத்தில் ரொம்ப நாளாகச் சுற்றும் கதை இது. டோட்டோரோ சாவுத் தேவதை, மெய் குளத்தில் இறந்துவிட்டாள், பிற்பகுதியில் இரண்டு பேருக்கும் நிழலே விழவில்லை பாருங்கள் என்பார்கள். 2007லேயே ஸ்டுடியோ ஜிப்லி இதை மறுத்துவிட்டது. அந்தக் காட்சிகளுக்கு நிழல் தேவையில்லை என்று வரையவில்லை, அவ்வளவுதான் என்பது அவர்கள் விளக்கம்.

உண்மையில் பதில் படத்துக்குள்ளேயே இருக்கிறது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது டிவியை ஆஃப் பண்ணிடாதீங்க. பாட்டுப் பின்னணியில் சின்னச் சின்ன ஓவியங்கள் வரும். அம்மா வீட்டுக்கு வந்து இறங்குகிறார். இரண்டு மகள்களும் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள். இரவில் அம்மாவின் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டு கதை கேட்கிறார்கள்.